டாலருக்கு எத்தனை ரூபாய்? விரிதாளில் நாணய மாற்று வீதம்

ஒரு மேசையின் நீளம் எவ்வளவு என்று கேட்டால் அளந்து விடை சொல்லிவிடலாம். நாளை அளந்தாலும் அதே விடைதான் கிடைக்கும். ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டால்? காலையில் ஒரு விடை, மாலையில் வேறொரு விடை. ஒரே வேளையில்கூட வங்கியில் ஒரு வீதம், சுங்கத்துறையில் ஒரு வீதம், கைபேசித் திரையில் இன்னொரு வீதம். இவற்றுள் எது சரி? எல்லாமே சரிதான்! ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரியத்திற்கு உரியது.

இந்த வேறுபாடு பொருளாதார மாணவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. திருப்பூரில் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு கம்பெனியின் கணக்கறையிலும் இது நாள்தோறும் எழும் கேள்வி. இன்று அந்தக் கணக்கு பெரும்பாலும் கணிப்பொறியின் விரிதாளில் போடப்படுகிறது. இணையத்திலிருந்து அன்றன்றைய வீதத்தை விரிதாளே இழுத்துக்கொள்ளும்படி செய்யவும் முடிகிறது. அது எவ்வாறு நடக்கிறது, அதில் எங்கெங்கே கால் இடறும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று டாலர் சட்டை

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு கம்பெனிக்கு 20,000 டீ-சட்டைகளுக்கு ஆர்டர் கிடைக்கிறது எனக் கொள்வோம். விலை, சட்டைக்கு 3 டாலர். மொத்தம் 60,000 டாலர். நூல், பின்னல், சாயம், தையல், செக்கிங், பெட்டிகட்டுதல், தூத்துக்குடித் துறைமுகம் வரை லாரி வாடகை எல்லாம் சேர்ந்து சட்டைக்கு 240 ரூபாய் செலவு. விலை பேசிய நாளில் டாலர் 85 ரூபாய்.

வரவு 51 இலட்சம். செலவு 48 இலட்சம். இலாபம் 3 இலட்சம். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை பேசிய நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே நான்கைந்து மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் டாலர் 82 ரூபாய்க்கு இறங்கினால் வரவு 49 இலட்சத்து 20 ஆயிரம். இலாபம் 1 இலட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்குகிறது. டாலர் 80 ரூபாய்க்கு இறங்கினால் இலாபமே இல்லை. டாலரின் வீதம் குறைந்தது நூற்றுக்கு ஆறு பங்குக்கும் கீழே. இலாபம் குறைந்ததோ நூற்றுக்கு நூறு!

இயற்பியலில் நெம்புகோலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். குட்டையான பக்கம் சிறிதே அசைந்தால் நீண்ட பக்கம் பெரிதும் அசையும். இலாப விளிம்பு மெல்லியதாக உள்ள தொழிலில் மாற்று வீதம் அந்தக் குட்டையான பக்கத்தைப் போன்றது. ஆகவே அந்த எண்ணைச் சரியாக அறிந்து, சரியாகக் குறித்துவைப்பது கம்பெனியின் உயிர்நாடி.

வீதம் அசையாதிருந்த காலம்

மாற்று வீதம் நாள்தோறும் அசையாதிருந்த காலமும் ஒன்றுண்டு. 1966 ஜூன் 6 அன்று இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசாயிற்று. அதன் பின் சில ஆண்டுகள் அங்கேயே நின்றது. 1975 செப்டம்பரில் பிரிட்டிஷ் பவுனுடன் இருந்த பிணைப்பு நீங்கி, பல நாட்டு நாணயங்கள் சேர்ந்த ஒரு தொகுப்புடன் ரூபாய் பிணைக்கப்பட்டது. 1978-இல் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர் வெள்ளை டீ-சட்டைகள் வாங்கத் திருப்பூருக்கு வந்ததையே இவ்வூர் நேரடி ஏற்றுமதியின் தொடக்கமாகக் கூறுவர். அந்நாளில் வீதத்தை நிர்ணயித்தது ரிசர்வ் வங்கி.

1992 மார்ச்சில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1993 மார்ச் முதல் சந்தையில் டாலரை வாங்குவோரும் விற்போரும் ஒப்புக்கொள்ளும் விலையே ரூபாயின் வீதம் என்றாயிற்று. ரிசர்வ் வங்கி தேவையானபோது சந்தையில் தலையிட்டாலும், வீதம் அன்றாடம், ஏன் நிமிடந்தோறும், அசைகிறது.

இந்த அசைவு எத்தகையது என்பதைத் திருப்பூர் 2007-இல் கண்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 44 ரூபாயாக இருந்த டாலர், ஆண்டின் இறுதியில் 39 ரூபாய்ச் சொச்சத்திற்கு இறங்கியது. பத்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வீழ்ச்சி. நம் மூன்று டாலர் சட்டைக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள்: டாலர் 76 ரூபாய் 50 காசு, வரவு 45 இலட்சத்து 90 ஆயிரம், நட்டம் 2 இலட்சத்து 10 ஆயிரம். உழைப்பு அதே உழைப்பு, சட்டை அதே சட்டை.

ஒரே நாளில் பல வீதங்கள்

இனி, நாம் விரிதாளுக்குள் கொண்டுவர நினைக்கும் எண் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, ரெஃபரன்ஸ் ரேட் எனப்படும் மேற்கோள் வீதம். முன்னர் இதனை ரிசர்வ் வங்கியே கணித்து அறிவித்தது. 2018 ஜூலை 10 முதல் எஃப்.பி.ஐ.எல். என்னும் சுருக்கப் பெயருடைய ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா நிறுவனம் கணிக்கிறது. மும்பை வங்கி வேலைநாள்களில், முற்பகல் 11.30 மணிக்கும் பிற்பகல் 12.30 மணிக்கும் இடையே ஏதேனும் ஒரு கால்மணி நேரத்தைக் குருட்டாம்போக்காகத் தேர்ந்தெடுத்து, அந்நேரத்தில் சந்தையில் உண்மையாக நடந்த டாலர் வியாபாரங்களிலிருந்து வீதத்தைக் கணித்து, ஏறத்தாழ 1.30 மணிக்கு வெளியிடுவர்.

ஏன் குருட்டாம்போக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்? அளக்கும் நேரம் முன்கூட்டியே தெரிந்தால், அந்த நேரம் பார்த்துச் சிலர் விலையை ஒரு பக்கமாகத் தள்ளிவிடக்கூடும். லண்டனில் மாலை 4 மணிக்கு ஒரு நிமிட நேரத்தில் கணிக்கப்பட்டு வந்த வீதத்தில் இத்தகைய முறைகேடு நடந்தது வெளிப்பட்டு, 2014 நவம்பரில் பெரிய வங்கிகள் ஆறுக்குக் கோடிக்கணக்கான டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் அந்த ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாக விரிக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் மாதிரி எடுப்பதில் நாம் கைக்கொள்ளும் எச்சரிக்கையே இங்கும் தேவைப்படுகிறது.

இரண்டாவது, சுங்கத்துறையின் வீதம். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி, ஏற்றுமதிக்கு ஒன்றும் இறக்குமதிக்கு ஒன்றுமாக இரு வீதங்கள் மாதம் இருமுறை அறிவிக்கப்படுகின்றன. கப்பல் ஏற்றுமதிப் பத்திரத்தில் சரக்கின் மதிப்பை ரூபாயில் காட்ட இதுவே உதவும்; அன்றைய சந்தை வீதம் அங்கே செல்லாது.

மூன்றாவது, வங்கியின் வீதம். வெளிநாட்டிலிருந்து டாலர் வந்து சேர்ந்ததும் வங்கி அதை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு ரூபாய் தருகிறது. அந்த வாங்கும் வீதத்திற்கு இன்றளவும் டி.டி. பையிங், அதாவது தந்தி மாற்று வாங்கல் வீதம் என்று பெயர். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. பெயர் மட்டும் வங்கிப் பலகையில் நிலைத்துவிட்டது! வாங்கும் வீதம் சந்தை வீதத்தைவிடச் சற்றுக் குறைவாகவும், விற்கும் வீதம் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். அந்த இடைவெளியே வங்கியின் வருவாய். டாலருக்கு 15 காசு குறைந்தாலும் 60,000 டாலருக்கு 9,000 ரூபாய் ஆகிவிடுகிறது என்பதை மறக்கலாகாது.

ஆகவே 'வீதம்' என்று பொதுவாக ஒரு கட்டத்தில் எழுதிவைப்பது போதாது. எதன் வீதம், எந்த நாளின் வீதம், வாங்கலா விற்பனையா என்பதும் உடன் எழுதப்பட வேண்டும். வெப்பநிலை 40 என்று மட்டும் எழுதும் மாணவனிடம், 'எந்த அளவையில், எந்த நேரத்தில், எந்த வெப்பமானியில்?' என்று நாங்கள் கேட்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

கரும்பலகையிலிருந்து கணிப்பொறிக்கு

விரிதாள் பிறந்த கதையும் சுவையானது. 1978-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்னும் மாணவர் படித்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் எழுதிய கணக்குப் பட்டியலில் ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து மீண்டும் எழுத வேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றியதும் மற்றவை தாமே மாறிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அவர் எண்ணினார். அவரும் பாப் ஃபிராங்ஸ்டன் என்பவரும் சேர்ந்து ஆக்கிய விசிகால்க் என்னும் நிரல் 1979-இல் விற்பனைக்கு வந்தது. 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் எக்செல் என அதன் வழித்தோன்றல்கள் தொடர்ந்தன.

ஒன்றை மாற்றினால் அனைத்தும் மாறும் என்பதே விரிதாளின் வலிமை. அதுவே, நாம் பின்னர் காணப்போவதுபோல், அதன் ஆபத்தும் ஆகும்.

வீதம் வந்து சேரும் வழி

இணையத்திலிருந்து எண்ணைக் கொண்டுவரும் வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வழி, விரிதாளிலேயே உள்ள சார்பைப் பயன்படுத்துவது. கூகுள் ஷீட்ஸில் 'கூகுள்ஃபைனான்ஸ்' என்று ஒரு சார்பு உள்ளது. சமக்குறி இட்டு அதன் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் இரட்டை மேற்கோள் குறிகளின் நடுவே 'கரன்சி' என்னும் ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் இட்டு, இரு நாணயங்களின் குறிகளை இடைவெளியின்றி அடுத்தடுத்து எழுதினால் வீதம் வந்துவிடும். நாணயக் குறிகள் ஐ.எஸ்.ஓ. 4217 என்னும் பன்னாட்டுத் தரத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலும் முதல் இரண்டு எழுத்துகள் நாட்டையும் மூன்றாவது எழுத்து நாணயத்தையும் குறிக்கும். இந்தியாவுக்கு ஐ, என், ரூபாய்க்கு ஆர். அமெரிக்காவுக்கு யு, எஸ், டாலருக்கு டி. டாலரின் குறியை முதலிலும் ரூபாயின் குறியை அடுத்தும் எழுதினால், ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது விடை. இந்தச் செய்தி இருபது நிமிடம் வரை பிந்தியதாக இருக்கலாம் என்றும், வியாபாரத்திற்கு இதை நம்ப வேண்டாம் என்றும் அந்நிறுவனமே அறிவித்திருப்பதையும் கருத்தில் கொள்க. மைக்ரோசாஃப்ட் 365-இன் எக்செலில் இரு குறிகளையும் சாய்கோட்டால் பிரித்து எழுதி, அக்கட்டத்தை 'நாணயம்' என்னும் தரவு வகையாக மாற்றினாலும் வீதம் கிடைக்கும்.

இரண்டாம் வழி, ஓர் இணையப் பக்கத்தில் உள்ள பட்டியலை அப்படியே இழுப்பது. எக்செலின் தரவுப் பகுதியில் 'இணையத்திலிருந்து' என்னும் கட்டளையைக் கொடுத்துப் பக்கத்தின் முகவரியை எழுதினால், அப்பக்கத்தில் காணும் பட்டியல்களை அது வரிசையாகக் காட்டும்; வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே நடப்பது என்ன? நம் கணிப்பொறி தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. அது அடையாளக் குறிகளோடு கூடிய உரையைத் திருப்பி அனுப்புகிறது. இங்கே பட்டியல் தொடங்குகிறது, இங்கே வரிசை முடிகிறது என்று அக்குறிகள் சொல்ல, விரிதாள் எண்களைப் பொறுக்கிக் கட்டங்களில் இடுகிறது. பக்கத்தை நடத்துபவர் நாளை அதன் அமைப்பை மாற்றினால் இவ்வழி அடைபட்டுவிடும். சில பக்கங்களோ வெறும் சட்டத்தை முதலில் அனுப்பி, எண்களைப் பின்னர் நிரப்புகின்றன. அவற்றை இழுத்தால் வெற்றுப் பட்டியலே மிஞ்சும்.

மூன்றாம் வழி, கணிப்பொறி படிப்பதற்கென்றே வெளியிடப்படும் கோப்பைப் பெறுவது. ஐரோப்பிய மத்திய வங்கி ஒவ்வொரு வேலைநாளும் அந்நாட்டு நேரப்படி மாலை 4 மணியளவில், யூரோவுக்கு எதிராகப் பல நாணயங்களின் வீதங்களை இவ்வாறு வெளியிடுகிறது. நம் ரூபாயும் அதில் உண்டு. அமைப்பு எளிதில் மாறாது என்பதால் மூன்றனுள் இதுவே உறுதியான வழி. ஆயினும் அவ்வீதங்கள் தகவலுக்காகவே என்று அவ்வங்கியும் கூறுகிறது.

அலகைக் கவனியுங்கள்

எண் வந்து சேர்ந்துவிட்டது. அது சரியான எண்தானா? இங்கே இயற்பியல் மாணவன் அறிந்த அலகுப் பகுப்பாய்வு கைகொடுக்கும்.

யூரோவில் பணம் வரவேண்டிய கம்பெனி ஒன்றிடம், ஒரு யூரோவுக்கு 1.10 டாலர், ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்னும் இரு வீதங்கள் மட்டும் உள்ளன எனக் கொள்வோம். 'யூரோவுக்கு டாலர்' என்பதை 'டாலருக்கு ரூபாய்' என்பதால் பெருக்கினால் டாலர் அடிபட்டு 'யூரோவுக்கு ரூபாய்' மிஞ்சும். 1.10-ஐ 85-ஆல் பெருக்க 93 ரூபாய் 50 காசு. அலகு அடிபடாவிட்டால், பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டோம் என்று உடனே தெரிந்துவிடும்.

ஜப்பானிய யென்னுக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. மேற்கோள் வீதத்தில் அது நூறு யென்னுக்கு இத்தனை ரூபாய் என்றே தரப்படுகிறது. நூறு யென் 57 ரூபாய் என்றால், 5 இலட்சம் யென்னின் மதிப்பு 2 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய். நூறால் வகுக்க மறந்தால் 2 கோடியே 85 இலட்சம்! இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத சிறு பிழைகளே கொடியவை.

அத்தகைய ஒன்று, தலைகீழ் வீதம். சில பக்கங்கள் ஒரு ரூபாய்க்கு எத்தனை டாலர் என்று தருகின்றன. டாலர் 85 ரூபாய் என்றால் ஒரு ரூபாய் 0.011765 டாலர். பக்கத்தில் நான்கு தசம இடங்களே தந்திருந்தால் அது 0.0118 என்றாகும். இதைத் தலைகீழாக்கினால் 84 ரூபாய் 75 காசு. கால் ரூபாய் எங்கோ மறைந்துவிட்டது. 60,000 டாலருக்கு அது 15,000 ரூபாய். தசம இடங்கள் நான்கு இருந்தும், பொருளுள்ள இலக்கங்கள் மூன்றே இருந்தமையால் வந்த வினை இது.

இன்னொன்று, நாள் எழுதும் முறை. 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. விரிதாளின் வட்டார அமைப்பு எதுவோ அதன்படி அது படித்துக்கொள்ளும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்கள் இடம் மாறி அமர்ந்துவிடும்; 13-ஆம் நாள் முதல் வருபவை நாளாகவே கொள்ளப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். ஐரோப்பாவின் பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவதும் இத்தகைய குழப்பத்தைத் தரும். எண் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நின்றால் அது எண். இடப்புறம் ஒட்டி நின்றால் பெரும்பாலும் எழுத்து. கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஓடும் எண்ணும் உறைந்த எண்ணும்

இப்போது முதன்மையான செய்திக்கு வருவோம். விரிதாளின் மேற்பகுதியில் ஒரு கட்டத்தில் வீதம் தானாக வந்து அமர்கிறது. பில்கள் எல்லாம் அக்கட்டத்தைச் சுட்டிப் பெருக்கப்படுகின்றன. அழகான ஏற்பாடு என்றே தோன்றும்.

84 ரூபாய் 20 காசு வீதத்தில் 60,000 டாலருக்கு ஒரு பில் எழுதப்படுகிறது. மதிப்பு 50 இலட்சத்து 52 ஆயிரம். இரண்டு மாதம் கழித்து, டாலர் 85 ரூபாய் 10 காசாக இருக்கும் நாளில் கோப்பைத் திறந்தால், அதே பில் 51 இலட்சத்து 6 ஆயிரம் என்று காட்டும்! யாரும் அதைத் தொடவில்லை. வங்கியில் அந்த 54,000 ரூபாய் இல்லை, ஒருநாளும் இருந்ததுமில்லை. ஆனால் திரை இருப்பதாகச் சொல்கிறது. அதை நம்பி நூல் வாங்கவோ கூலி பேசவோ முற்பட்டால் என்னவாகும்?

ஓடும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் அறியலாம். குழந்தை பிறந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். கடிகாரத்தையே பதிவேட்டில் ஒட்டிவைக்க முடியாது. வீதமும் அப்படித்தான். இனி விலை பேசப்போகும் ஆர்டருக்கு ஓடும் வீதம் வேண்டும். நடந்துமுடிந்த பில்லுக்கு அந்நாளில் உறைந்த வீதம் வேண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் கலக்கலாகாது.

இதற்கு வழி எளிது. வீதங்களுக்கென்று தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். நாள், நாணயம், வீதம், எங்கிருந்து பெற்றது என நான்கு நெடுவரிசைகள். ஒவ்வொரு வேலைநாளும் ஒரு புதிய கிடைவரிசை. வந்த எண்ணை 'மதிப்பாக மட்டும் ஒட்டு' என்னும் கட்டளையால் உறையவைத்துவிடுங்கள். எழுதியதை அழிப்பதில்லை. பில் தாள், தன் நாளைக் கொண்டு இந்தத் தாளில் தேடி வீதத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

விடுமுறை நாளில் பில் எழுதினால்? விரிதாள் ஒவ்வொரு நாளையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. எக்செலில் 1900 ஜனவரி 1 என்பது 1. அடுத்த நாள் 2. ஆகவே நாள்கள் ஏறுவரிசையில் இருக்க, ஒரே நாணயத்தின் பட்டியலில் 'தோராயப் பொருத்தம்' என்னும் முறையில் தேடினால், அந்த நாள் இல்லாதபோது அதற்கு முந்திய மிக நெருங்கிய நாளின் வீதம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளிக்கிழமையின் வீதம் தானாகவே வந்துவிடும்.

நூல் அறுந்தால் எந்திரம் நிற்க வேண்டும்

பின்னல் எந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். கூம்பிலிருந்து வரும் நூல் ஊட்டியின் வழியே ஊசிகளுக்குச் செல்கிறது. நூல் அறுந்தால் எந்திரம் தானே நின்று, விளக்கு எரியும். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் துணி முழுதும் ஓட்டையாகப் பின்னிக்கொண்டே போகும்.

விரிதாளுக்கு இத்தகைய ஏற்பாடு தானாக அமைவதில்லை. இணையம் அறுந்தால் சில வேளை பிழைச் செய்தி தோன்றும், அது நல்லதே. சில வேளை நேற்றைய எண், இன்றைய எண் போலவே அமைதியாக அமர்ந்திருக்கும். அது கேடு. ஆகவே நாமே இரண்டு காவல்களை அமைக்க வேண்டும். கடைசியாக வந்த வீதத்தின் நாள், கடந்த வேலைநாளுக்கும் முந்தியதாக இருந்தால் கட்டம் சிவக்கட்டும். புதிய வீதம் முந்திய வீதத்திலிருந்து நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் விலகினாலும் சிவக்கட்டும். டாலருக்கு எதிரான ரூபாயின் வீதம் ஒரே நாளில் அவ்வளவு அசைவது அரிது. உண்மையாகவே அசைந்திருந்தாலும் மனிதன் ஒருவன் கண்ணால் பார்க்க வேண்டிய நாள்தான் அது.

விரிதாள் சொல்லாதது

இவ்வளவும் செய்தபின் நமக்குக் கிடைப்பது, நேற்று வரை நடந்ததன் நேர்மையான பதிவு. நாளை நடப்பதை அது சொல்லாது. இந்த எல்லையை உணராமல் பட்ட துன்பத்தையும் திருப்பூர் அறியும். 2007-இல் ரூபாய் வலுத்தபோது, இங்கும் பிற ஏற்றுமதி நகரங்களிலும் பலர், வங்கிகள் விற்ற சிக்கலான செலாவணி ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டனர். அவற்றுள் சில, டாலருக்கும் ஸ்விஸ் ஃபிராங்குக்கும் இடையேயான வீதத்தின்மேல் கட்டப்பட்டவை. திருப்பூர்ச் சட்டையின் விலையோ டாலரிலும் யூரோவிலும். அதற்கும் ஸ்விஸ் ஃபிராங்குக்கும் என்ன உறவு? 2008 மார்ச்சில், அதுவரை கண்டிராதபடி, டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே இறங்கியது. ஒப்பந்தக்காரர்களுக்குப் பெருநட்டம். வழக்குகள் நீதிமன்றம் ஏறின. இத்தகைய ஒப்பந்தங்கள் குறித்த விதிகளை மீறியதற்காக 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அபராதம் விதித்தது.

தம் வரவு எந்த நாணயத்தில், எவ்வளவு, எந்த நாளில் வரும் என்னும் எளிய அட்டவணை ஒன்றைக் கண்முன் வைத்திருப்பவர், தமக்குத் தொடர்பில்லாத நாணயத்தின்மேல் கட்டிய ஒப்பந்தத்தைக் கண்டால் ஒருகணமேனும் தயங்கி, 'இது எதற்கு?' என்று கேட்பார். அந்தத் தயக்கமே கணக்கின் பயன்.

செய்து பாருங்கள்

மாணவ நண்பர்களே! இதற்குக் கம்பெனி வேண்டியதில்லை. கல்லூரிக் கணிப்பொறி போதும். ஒரு மாதம், வேலைநாள்தோறும் டாலரின் வீதத்தை முன்சொன்ன நான்கு நெடுவரிசைத் தாளில் குறித்துவாருங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து எடுங்கள். மாத இறுதியில் வரைபடம் வரையுங்கள். மிக உயர்ந்த வீதத்துக்கும் மிகத் தாழ்ந்த வீதத்துக்கும் உள்ள வேறுபாட்டை 60,000-ஆல் பெருக்குங்கள். கிடைக்கும் தொகையை நம் சட்டைக் கணக்கின் 3 இலட்ச ரூபாய் இலாபத்தோடு ஒப்பிடுங்கள். பின்னர் அதே எண்களை ஓடும் கட்டத்தில் இணைத்த ஒரு பில்லையும், உறைந்த வீதத்தில் எழுதிய ஒரு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திருப்பூர்ப் பகுதியில் வாழும் மாணவர்கள் பலரின் வீட்டில் யாரேனும் ஒருவர் கட்டிங்கிலோ தையலிலோ செக்கிங்கிலோ வேலை செய்பவராக இருப்பார். அவருடைய வாரக் கூலியின் கணக்கு, எங்கோ மும்பையில் நண்பகலில் அளக்கப்படும் ஓர் எண்ணோடு இணைந்திருக்கிறது. அந்த எண்ணை அலகோடும் நாளோடும் குறித்துவைக்கத் தெரிந்த ஒருவர் அந்த வீட்டிலேயே இருந்தால் நல்லதுதானே!